தோட்டா கிடந்த இடமே சாட்சி

இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல் நீளம், சுண்டுவிரல் பருமன், ஒன்றரை நூற்றாண்டு மண்ணில் கிடந்து பச்சைக் களிம்பு ஏறிய ஒரு செம்புத் தோட்டா உறை. அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் ராணுவத்துக்கும் பூர்வகுடி மக்களுக்கும் 19ஆம் நூற்றாண்டில் நடந்த போர்களின் மிச்சமாக இப்படிப்பட்டவை இன்றும் மண்ணிலிருந்து வெளிவந்துகொண்டிருக்கின்றன. ஈயக் குண்டுகள், சீருடைப் பொத்தான்கள், தொப்பிச் சின்னங்கள், சேணத்து வளையங்கள், இரும்பு அம்பு முனைகள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இவற்றைத் தேடிச் சேர்ப்பதையே வாழ்நாள் ஆர்வமாகக் கொண்டவர்கள் அங்கே நிறையப் பேர் உண்டு. ஒரு பொருள் கைக்கு வந்ததும் அவர்கள் கேட்பது மூன்று கேள்விகள்: எந்தத் துப்பாக்கிக்கு உரியது, எந்த வருடத்தது, என்ன விலை போகும். முதல் இரண்டுக்கும் அவர்கள் சேர்த்து வைத்திருக்கும் விடைகள் வியக்கத்தக்கவை. ஆனால் அந்த உறை எந்தப் புள்ளியில், எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற நான்காவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. போரைப் பற்றி அந்தப் பொருள் சொல்லக்கூடியதில் பெரும்பங்கு அந்த நான்காவது கேள்விக்குள்தான் இருக்கிறது. இடத்தைக் குறிக்காமல் எடுப்பவர் அறிந்தோ அறியாமலோ சாட்சியைக் கலைக்கிறார் என்பது என் கருத்து.

முதலில் சேகரிப்பாளர்களுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். பிலடெல்பியாவில் இருந்த ஃபிராங்க்ஃபோர்ட் ஆர்சனல் என்ற அரசு ஆயுதச்சாலை 1877 மார்ச்சில்தான் தன் தோட்டாக்களின் அடித்தட்டில் எழுத்துப் பொறிக்கத் தொடங்கியது. ‘ஆர்’ என்றால் ரைஃபிளுக்கு, ‘சி’ என்றால் கார்பைனுக்கு; ‘எஃப்’ ஆயுதச்சாலையின் பெயர்; அடுத்து மாதமும் வருடமும். ஆகவே கஸ்டர் என்ற குதிரைப்படை அதிகாரி இறந்த போரில் ராணுவம் சுட்டது என்று சொல்லி ஒருவர் நீட்டும் அரசுத் தோட்டாவின் அடியில் இந்த எழுத்துகள் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம், ஏனென்றால் அந்தப் போர் நடந்தது 1876 ஜூனில். காலாட்படைக்குக் குறுக்காக வைத்த இரு துப்பாக்கிச் சின்னம் 1875 நவம்பரில்தான் வந்தது. அதற்கு முன்பு ஊதுகொம்பு. ஹென்றி துப்பாக்கியின் தோட்டா அடியில் ‘எச்’ என்ற எழுத்து இருக்கும். அந்தத் துப்பாக்கிக்கும் 1866ஆம் ஆண்டு வின்செஸ்டருக்கும் சுடும் ஊசிக்கு இரட்டை முனை. அதனால் உறையின் விளிம்பில் எதிரெதிரே இரண்டு பள்ளங்கள் விழும். ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் கார்பைன் நடுவில் ஒரே பள்ளம் வைக்கும். ராணுவம் வாங்கிய தொடக்ககாலக் கோல்ட் ரிவால்வர்களில் ‘ஓ.டபிள்யூ.ஏ.’ என்று மூன்று எழுத்துகள் இருக்கும். சோதித்து அனுப்பிய ஆய்வாளர் ஐன்ஸ்வொர்த்தின் முதலெழுத்துகள் அவை. இந்த அறிவில் பெரும்பகுதியைத் தேடித் தொகுத்தவர்கள் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். அவர்களை வெறும் பொறுக்கிகள் என்று ஒதுக்கும் கல்வியாளர்களின் பேச்சு நன்றிகெட்ட பேச்சு.

இருந்தாலும் இந்த அறிவுக்கு ஓர் எல்லை உண்டு. உறையை மட்டும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் துப்பாக்கி தெரியும், காலம் தெரியும். சுட்டவர் முன்னேறினாரா, பின்வாங்கினாரா, தனியாக நின்றாரா, வரிசையில் நின்றாரா, எதிரே யார் இருந்தார்கள் என்பதெல்லாம் தெரியாது. அதற்கு அந்த உறையின் அக்கம்பக்கம் வேண்டும். இதை உலகுக்கு எடுத்துக்காட்டியது மொன்டானா மாநிலத்தின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம். 1876 ஜூன் 25 அன்று லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் கஸ்டரின் 7ஆம் குதிரைப்படை அங்கே லகோட்டா, வட ஷையான், அரபாஹோ மக்களின் பெரிய முகாமைத் தாக்கப் போய்த் தோற்றது. கஸ்டரோடு நேரடியாக இருந்த சுமார் 210 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அதனால் அவர்களுடைய முடிவைப் பற்றி ராணுவத் தரப்பில் சாட்சி சொல்ல ஆளில்லை. எதிர்த்தரப்பில் ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். அவர்கள் சொன்னதைக் காதில் வாங்க வெள்ளை அமெரிக்கா பல தலைமுறை மறுத்தது. நடுவே கிடந்த வெற்றிடத்தை ஓவியர்களும் சாராயக் கடைச் சுவரொட்டிகளும் நிரப்பின: குன்றின் உச்சியில் கடைசிக் குண்டு வரை போராடும் நீலச் சீருடை வீரர்கள்.

1983 ஆகஸ்டில் அந்தப் புல்வெளியில் தீப்பிடித்தது. புதர் எரிந்து தரை வெளிப்பட்டது. தேசியப் பூங்காத் துறையின் டக்ளஸ் ஸ்காட், தொல்லியலாளர் ரிச்சர்ட் ஃபாக்ஸ் ஆகியோரின் தலைமையில் 1984இலும் 1985இலும் அங்கே முறையான ஆய்வு நடந்தது. மெட்டல் டிடெக்டர் பிடித்த தன்னார்வலர்கள் வரிசையாக நடந்தார்கள். ஓசை கேட்ட இடத்தில் எல்லாம் சிறுகொடி நட்டார்கள். பின்னால் வந்தவர்கள் மண்ணை விலக்கி, பொருள் எந்தத் திசை நோக்கி எவ்வளவு சாய்ந்து கிடந்தது என்பது உட்பட அளந்து குறித்த பிறகுதான் கையில் எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பொருட்கள் கிடைத்தன. உறைகள் நெப்ராஸ்கா மாநிலக் காவல்துறையின் குற்றவியல் ஆய்வகத்துக்குப் போயின. கொலை வழக்குகளில் செய்வது போலவே ஒவ்வோர் உறையின் ஊசித் தடத்தையும் நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே துப்பாக்கி விட்ட தடங்கள் போர்க்களத்தின் ஓரிடத்திலும், அங்கிருந்து வெகுதூரம் தள்ளி இன்னோர் இடத்திலும் அகப்பட்டன. பெயர் தெரியாத ஒரு வீரன், மேட்டில் மண்டியிட்டுச் சுட்டு, பிறகு நகர்ந்து, மறுபடி சுட்ட வழி நூறு வருடம் கழித்து வரைபடத்தில் கோடாக விழுந்தது. பூர்வகுடிப் போராளிகள் கையில் 40க்கும் மேற்பட்ட வகைத் துப்பாக்கிகள் இருந்தன என்பதும், அவற்றில் ஒவ்வொரு முறையும் குண்டு நிரப்பாமலே அடுத்தடுத்துச் சுடக்கூடிய ஹென்றி, வின்செஸ்டர் வகைகள் கணிசம் என்பதும் அப்போதுதான் உறுதியாயின. களத்தில் உள்ள கால்ஹவுன் மேட்டுக்கு எதிரே ஹென்றி உறைகள் குவியலாகக் கிடந்த சரிவுக்கு ஆய்வாளர்கள் ‘ஹென்றிவில்’ என்றே பெயர் வைத்தார்கள். ராணுவ வீரனின் கார்பைனோ ஒரு முறைக்கு ஒரு குண்டு.

உறைகள் விழுந்து கிடந்த அமைப்பிலிருந்து ஃபாக்ஸ் வந்த முடிவு பலரைக் கோபப்படுத்தியது. தொடக்கத்தில் வீரர்கள் பயிற்சிப்படி இடைவெளி விட்டு வரிசை அமைத்த தடம் தெரிகிறது. பிறகு அந்த ஒழுங்கு குலைந்து, கூட்டமாக ஒண்டி, ஓடிய தடம் தெரிகிறது. புகழ்பெற்ற கடைசிக் குன்றில் நீண்ட நேரம் கடுஞ்சமர் நடந்ததற்கு ஏற்ற அளவு ராணுவ உறைகள் இல்லை. லகோட்டா, ஷையான் பெரியவர்கள் பல வருடமாகச் சொல்லி வந்ததோடு இது ஒத்துப் போனது. நம்பாமல் விடப்பட்டவர்களின் வாய்மொழிக்கு மண் ஆதரவாக நின்றது. இன்னொரு பழங்கதையையும் எடுத்துக்கொள்வோம். செம்பு மிருதுவானது, சூட்டில் உறை துப்பாக்கிக்குள்ளேயே சிக்கிக்கொண்டது, அதனால்தான் கஸ்டர் தோற்றார் என்று ஒரு வாதம் நூறு ஆண்டு உலவியது. அந்தப் போரில் இன்னொரு குன்றில் தாக்குப்பிடித்த மேஜர் ரீனோ அடுத்த மாதமே எழுதிய அறிக்கையில், தன்னிடம் இருந்த 380 கார்பைன்களில் 6 இந்தக் காரணத்தால் பழுதானதாகச் சொல்லியிருந்தார். சிக்கிய உறையைக் கத்தியால் நெம்பி எடுத்தால் விளிம்பில் கீறல் இருக்கும். மண்ணிலிருந்து வந்த உறைகளில் அந்தக் கீறல் இருந்தவை மிகச் சொற்பம். கோளாறு இருந்தது, தோல்விக்கு அது காரணமாக இருக்க முடியாது. இந்தக் கணக்கைப் போட, எந்த உறை எந்தத் தரப்பின் நிலையில் கிடந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். அலமாரியில் கலந்து கிடக்கும் ஆயிரம் உறைகளை வைத்து இதைச் செய்ய முடியாது.

இறந்தவர்களுக்கும் இதே கதை. அந்தக் களத்தில் வீரர்கள் விழுந்த இடங்களில் 252 வெள்ளைப் பளிங்குக் கற்கள் நடப்பட்டிருக்கின்றன. விழுந்தவர்களோ சுமார் 210 பேர். இரட்டையாக நின்ற கற்களின் அடியில் தோண்டிப் பார்த்தபோது பல இடங்களில் ஒரே மனிதனின் எச்சம்தான் இருந்தது. ஓரிடத்தில் கிடைத்த முகத்து எலும்புத் துண்டை ஒரு புகைப்படத்தோடு பொருத்திப் பார்த்து, அது கஸ்டரின் வழிகாட்டியும் மொழிபெயர்ப்பாளருமான மிட்ச் பூயே என்று கண்டார்கள். புகைக்குழாயைக் கடித்துக் கடித்துத் தேய்ந்த பல் அதற்குத் துணைச் சான்று. அவர் தந்தை பிரெஞ்சு வம்சாவளியினர், தாய் பூர்வகுடிப் பெண். அந்த எலும்புக்கு அருகில் கிடந்த ஒரு பொத்தானை யாரோ முன்பே எடுத்துப் போயிருந்தால் நஷ்டம் என்ன என்று கேட்கலாம். ஒன்றும் இல்லாமலும் போகலாம். எல்லாமே போயிருக்கவும் கூடும். எடுக்கும் முன்பு அதைச் சொல்ல யாராலும் முடியாது.

கொலராடோவின் சேண்ட் கிரீக் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 1864 நவம்பர் 29 அன்று கர்னல் ஜான் சிவிங்டனின் படை, சமாதானத்தை நம்பித் தங்கியிருந்த ஷையான், அரபாஹோ முகாமைத் தாக்கிச் சுமார் 230 பேரைக் கொன்றது. கொல்லப்பட்டவர்களில் பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். இவ்வளவு பெரிய படுகொலை நடந்த இடம் எது என்பதே பின்னால் மங்கிப்போனது. 1990களில் தேடியபோது, வழக்கமாகக் காட்டப்பட்டு வந்த ஆற்று வளைவில் எதிர்பார்த்த தடயம் இல்லை. 1998இல் அமெரிக்க நாடாளுமன்றம் இடத்தைக் கண்டறியச் சட்டம் இயற்றியது. 1999இல் பழங்குடிப் பிரதிநிதிகளும் பூங்காத் துறையும் சேர்ந்து தேடினார்கள். பழைய வரைபடங்கள், வாய்மொழி வரலாறு, மெட்டல் டிடெக்டர் மூன்றும் கைகோத்தன. சுமார் 400 பொருட்கள் வெளிவந்தன. அவற்றில் குண்டுகள் இருந்தன, மலைப்பீரங்கிக் குண்டின் உடைந்த சில்லுகள் இருந்தன. கூடவே கெண்டிகள், தட்டுகள், கரண்டிகள். சமையல் பாத்திரங்கள் பல வேண்டுமென்றே நசுக்கப்பட்டிருந்தன. மறுபடி யாரும் அங்கே அடுப்பு மூட்டக் கூடாது என்று ஒரு படை செய்த வேலை அது. நசுங்கிய தகரக் குவளைக்கு ஏலத்தில் மதிப்பு ஒன்றுமில்லை. அந்த இடத்தில் அது பீரங்கிச் சில்லோடு சேர்ந்து கிடந்ததுதான், அங்கே நடந்தது போர் என்று சொல்லிவந்தவர்களுக்குப் பதில். முகாமின் சரியான இடம் பற்றிப் பழங்குடிப் பெரியவர்கள் சிலர் ஆய்வாளர்களோடு முழுமையாக ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பொருட்கள் எல்லா வழக்கையும் தீர்த்துவிடுவதில்லை. ஆனால் அவை இல்லாமல் அந்த வழக்கைத் தொடங்கவே முடியாது. நினைவிடம் 2007இல் திறக்கப்பட்டது.

சேகரிப்பாளர்கள் எடுத்திராவிட்டால் இவையெல்லாம் துருப்பிடித்துப் போயிருக்கும் என்பது முதல் மறுப்பு. இதில் பாதி உண்மை உண்டு. இரும்பு கரையும்; உழவு ஓடினால் எல்லாமே சிதறும்; வீடுகட்ட மண் வெட்டினால் போனது போனதுதான். லிட்டில் பிக்ஹார்னில் நை-கார்ட்ரைட் மேடு என்று ஒன்று இருக்கிறது. கஸ்டரின் படையில் ஒரு பகுதி அந்த வழியாகப் போனது என்பதை முதலில் உணர்த்தியவை, முறையான அகழாய்வுக்குப் பல பத்தாண்டுகள் முன்பே தனி ஆர்வலர்கள் அங்கே கண்ட தோட்டா உறைகள். மேட்டின் பெயரே அப்படிப்பட்ட இருவருடையது. ஆனால் அவர்களுடைய கண்டுபிடிப்பு இன்று பயன்படுவதற்குக் காரணம், அவை எங்கே கிடந்தன என்ற செய்தியும் கூடவே நமக்கு வந்து சேர்ந்ததுதான். அதே காலத்தில் அதே புல்வெளியில் பையை நிரப்பிக்கொண்டு போன மற்றவர்களின் உறைகள் எங்கெங்கோ டப்பாக்களில் கிடக்கின்றன. அவற்றை வைத்து யாரும் ஒரு வரி எழுத முடியாது. 1984இல் கருவியைத் தூக்கி நடந்தவர்களும் இதே ஆர்வலர்கள்தாம். அவர்கள் காதுக்குப் பழகிய ஓசை வேறுபாடு பல்கலைக்கழக மாணவர்களுக்குத் தெரியாது. ஆகவே சேகரிப்பாளர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுப்பதற்கு முன் எழுதும் சேகரிப்பாளர் வேண்டும்.

விலை இருந்தால்தான் பாதுகாப்பு இருக்கும், சந்தைதான் இந்தப் பொருட்களைக் குப்பைத்தொட்டிக்குப் போகாமல் காத்தது என்பது இரண்டாவது மறுப்பு. இதற்குச் சந்தையிடமிருந்தே பதில் எடுத்துக்கொள்ளலாம். லிட்டில் பிக்ஹார்னில் பிணங்களைப் புதைக்கப் போனவர்களில் ஒருவரான சார்ஜென்ட் ஃபெர்டினாண்ட் கல்பர்ட்சன், இறந்த வீரன் ஒருவனின் உடலுக்கு அடியில் குதிரைப்படையின் சிறுகொடி ஒன்றைக் கண்டெடுத்தார். டெட்ராய்ட் கலை அருங்காட்சியகம் அதை 1895இல் 54 டாலருக்கு வாங்கியது. 2010 டிசம்பரில் சோத்பீஸ் ஏலத்தில் அது சுமார் 22 லட்சம் டாலருக்குப் போனது. துணியும் சாயமும் அதே காலத்து வேறொரு குதிரைப்படைக் கொடியிலும் இருக்கும். அதற்கு இந்த விலை கிடைக்காது. வாங்கியவர் பணம் கொடுத்தது, அது எங்கே, யாருடைய கையால், எதற்கு அடியிலிருந்து எடுக்கப்பட்டது என்ற செய்திக்கு. இட விவரம்தான் மதிப்பு என்பதைச் சந்தை ஒப்புக்கொள்கிறது. தோண்டும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறது. அந்த மறதியில் நுழைபவர்கள் போலிக்காரர்கள். நீளமான ரைஃபிள் குழலை 22 அங்குலத்துக்கு வெட்டிக் கார்பைன் என்று விற்பது பழைய தந்திரம். ஐன்ஸ்வொர்த்தின் மூன்று எழுத்துகளைச் சாதாரணக் கோல்ட்டில் வெட்டுவதும் உண்டு. 1970களில் டிஃபனி நிறுவனத்தின் பெயர் பொறித்த பழைய மேற்கத்திய பெல்ட் தகடுகள் சந்தையில் குவிந்தன. எல்லாம் புதிதாகச் செய்த போலி. அவற்றை அசல் என்று காட்ட, 1950இல் அச்சானதாக முன்தேதியிட்ட ஒரு முழு நூலையே போலியாகத் தயாரித்திருந்தார்கள். அடையாளம் காட்டும் நூலே போலியாகும் நிலையில், வாங்குபவருக்கு மிஞ்சும் ஒரே காப்பு, பொருள் வெளிவந்த இடத்திலிருந்து தொடங்கும் முறிவில்லாத பதிவு.

போர் முடிந்ததும் வென்றவர்கள் பொறுக்குவது உலக வழக்கம், கஸ்டரின் வீரர்களிடமிருந்து லகோட்டாக்களும் எடுத்துக்கொண்டார்களே என்று கேட்பவர்கள் உண்டு. எடுத்தார்கள். 1876 செப்டம்பர் 9 அன்று, தெற்கு டகோட்டாவின் ஸ்லிம் பட்ஸ் என்ற இடத்தில் ராணுவம் ஒரு லகோட்டா முகாமைப் பிடித்தபோது, அங்கே 7ஆம் குதிரைப்படையின் சிறுகொடி ஒன்றும், இறந்த கேப்டன் மைல்ஸ் கியோவின் பெயர் எழுதிய கையுறைகளும் இருந்தன. லிட்டில் பிக்ஹார்னில் கஸ்டர் விழுந்து 76 நாள் ஆகியிருந்தது. வெற்றி பெற்ற மக்கள் அந்தக் கோடையில் எங்கெங்கே பிரிந்து போனார்கள் என்பதற்கு அந்தக் கையுறை ஒரு சான்று. கையுறையை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்லிம் பட்ஸ் என்ற பெயரை மறந்திருந்தால், நமக்குக் கிடைத்திருப்பது ஓர் அதிகாரியின் உடைமை மட்டும். இந்த எடுத்துக்காட்டு என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது.

மூன்றாவது மறுப்பு சட்டம் சார்ந்தது, மறுப்புகளில் வலுவானதும் இதுவே. 1979ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம் கூட்டாட்சி நிலத்திலும் பழங்குடி நிலத்திலும் அனுமதியின்றித் தோண்டுவதைக் குற்றமாக்குகிறது. 100 வருடமாவது பழைமை இருக்க வேண்டும் என்பது அளவுகோல். சேதம் சிறிதாக இருந்தால் முதல் குற்றத்துக்கு 10,000 டாலர் அபராதமும் ஓராண்டுச் சிறையும் வரை போகலாம். மறுபடி செய்தால் 1,00,000 டாலரும் ஐந்தாண்டும். தனியார் நிலத்தை இந்தச் சட்டம் தொடாது. அமெரிக்காவில் நிலம் யாருடையதோ அதற்குள் இருப்பதும் அவருடையது. லிட்டில் பிக்ஹார்ன் நினைவிடம் வெறும் 765 ஏக்கர். சண்டை நடந்த நிலப்பரப்பு அதைவிட மிகப் பெரியது. உரிமையாளர் சம்மதித்தால் அங்கே தோண்டுபவரைத் தடுக்க வழியில்லை, தடுக்கச் சட்டம் கொண்டுவருவதும் அந்த நாட்டு மரபில் நடக்கிற காரியமில்லை. எனக்கும் அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. தண்டனை வந்தால் தோண்டுபவர்கள் இரவில் தோண்டுவார்கள், கிடைத்ததை ஒளிப்பார்கள், இருக்கும் கொஞ்சம் பதிவும் நின்றுபோகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997இல் வேறு வழி பார்த்தார்கள். கருவியோடு வயலில் நடக்கும் ஆர்வலர் தான் கண்டதை விரும்பி வந்து பதிவு செய்ய, உள்ளூர் அதிகாரிகளை நியமித்தார்கள். பொருள் பெரும்பாலும் அவரிடமே திரும்பிப் போகும். இடமும் அளவும் பொதுச் சொத்தாகும். அப்படிப் பதிவானவை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. மொன்டானாவுக்கும் வயோமிங்குக்கும் இது பொருந்தாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. 1984இல் அளவைக் கருவியோடு ஒரு குழு செய்த வேலையை இன்று சட்டைப்பையில் இருக்கும் போன் அரை நிமிடத்தில் சில மீட்டர் துல்லியத்தில் செய்துவிடுகிறது.

பதிவு செய்துவிட்டால் எதையும் வைத்துக்கொள்ளலாம் என்பதும் என் வாதமில்லை. ‘போர்ச் சின்னம்’ என்ற ஒரே சொல்லுக்குள் சீருடைப் பொத்தானையும் பிணத்தின் மேலிருந்து கழற்றிய சட்டையையும் சேர்த்து அடைப்பது பெரிய அநியாயம். 1860களின் கடைசியில் ராணுவத்தின் தலைமை மருத்துவ அலுவலகமே பூர்வகுடிகளின் மண்டையோடுகளைச் சேகரித்து அனுப்பும்படி தன் மருத்துவர்களைக் கேட்டது. ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்தில் சேர்ந்த அவை பின்னர் ஸ்மித்சோனியனுக்குப் போயின. 1868இல் ஜெனரல் ஷெர்மனோடு சேண்ட் கிரீக் வந்த குழுவினரும் அந்த இடத்தில் நினைவுப்பொருள் பொறுக்கினார்கள். 1890 டிசம்பர் 29 அன்று தெற்கு டகோட்டாவின் வூண்டட் நீ என்ற இடத்தில் 250க்கும் மேற்பட்ட லகோட்டாக்கள் கொல்லப்பட்ட பிறகு, அவர்கள் உடுத்தியிருந்த ஆவி நடனச் சட்டைகள் விலைபொருளாயின. குண்டு துளைக்காது என்று நம்பி உடுத்திய சட்டைகள் அவை. அப்படி ஒன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர அருங்காட்சியகத்தில் நூறு ஆண்டுக்கு மேல் இருந்துவிட்டு 1999இல் லகோட்டாக்களிடம் திரும்பியது. மாசசூசெட்ஸின் பாரி என்ற சிற்றூர் அருங்காட்சியகம் சுமார் 150 பொருட்களை 2022இல் திருப்பிக் கொடுத்தது. பூர்வகுடிகளின் எச்சங்களையும் புனிதப் பொருட்களையும் திருப்பித் தருவது பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டாட்சி அமைப்புகளையும் கூட்டாட்சி நிதி பெறும் அருங்காட்சியகங்களையும் இதற்குக் கட்டாயப்படுத்துகிறது. தனியார் வீட்டு அலமாரியை அது எட்டாது. மனித எலும்பும், புனிதப் பொருளும், உடலிலிருந்து எடுத்ததும் சேகரிப்புக்கு உரியவையே அல்ல. அவற்றை வைத்திருப்பவர் சட்டம் வந்து கதவைத் தட்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எந்தப் பழங்குடிக்கு உரியது என்று கண்டுபிடிக்கவும் மறுபடி அதே கேள்விதான் உதவும்: இது எங்கே எடுக்கப்பட்டது?

தாத்தா சேர்த்த தோட்டாப் பெட்டி வீட்டில் இருக்கிற அமெரிக்கக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்தத் தாத்தாக்கள் பலர் இப்போது தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். எந்த மேட்டில், எந்த ஓடைக் கரையில், எந்தப் பண்ணையில் பொறுக்கியது என்பது அவர்கள் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதிப் பெட்டிக்குள் வைப்பதும், ஒரு நகலை மாநில வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்புவதும் ஒரு பிற்பகல் வேலை. ஏல நிறுவனங்கள் இட விவரம் இல்லாத பொருளை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று ஒரே ஒரு விதி வைத்தால், தோண்டும் கை தானாகவே பேனாவைத் தேடும். அந்த விதியைக் கேட்கும் பொறுப்பு வாங்குபவர்களுக்கு இருக்கிறது.

அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் கோடை விடுமுறையில் யெல்லோஸ்டோன் பார்க்கக் குடும்பத்தோடு காரில் போகிறார்கள். 90ஆம் எண் நெடுஞ்சாலையில் மொன்டானாவின் க்ரோ ஏஜென்சி அருகே லிட்டில் பிக்ஹார்ன் நினைவிடம் இருக்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து சில நிமிடம்தான். வெள்ளைக் கற்களுக்கு நடுவே, பூர்வகுடிப் போராளிகள் விழுந்த இடங்களில் நட்ட செந்நிறக் கற்களையும், 2003இல் திறந்த அவர்களுடைய நினைவுச்சின்னத்தையும் பாருங்கள். மழை பெய்து ஓய்ந்த பிறகு பாதையோரம் ஒரு பொத்தானோ தோட்டா உறையோ உங்கள் குழந்தையின் கண்ணில் படலாம். கையில் எடுக்க விடாதீர்கள். அது கிடக்கிற இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருக்கும் பூங்கா அலுவலரிடம் போய்ச் சொல்லுங்கள்.